எத்தனை வருசம் தாங்கும்?

எழுமலையில் யாரும் தங்கள் வீட்டை ஸ்மார்ட் வீடு என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனாலும் உள்ளே போய் எண்ணிப் பார்த்தால், மென்பொருளை நம்பி ஓடுகிற பொருள்கள் ஐந்தாறு தேறும். கூடத்தில் கேபிள் செட்டாப் பாக்ஸ், அதையொட்டி ஸ்மார்ட் டிவி, ஜன்னலோரம் வைஃபை மோடம், தலைக்கு மேலே ரிமோட்டில் சுற்றும் பி.எல்.டி.சி. மின்விசிறி. திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிற மகன், அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள வாசலில் மாட்டிவிட்டுப் போன கேமரா. தோட்டத்துக் கிணற்றடிக்குப் போனால் மொபைல் ஸ்டார்ட்டர்.

நம் ஊர்க் கடைகளில் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "எத்தன வருசம் தாங்கும்ணே?" நீர்மூழ்கி மோட்டாருக்கு இதற்கு விடை இருக்கிறது. காயில் எரிந்தால் ரீவைண்டிங் செய்து வாங்கிவிடலாம். புஷ், பேரிங், கேபிள் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். செய்த கம்பெனி மூடிப்போனாலும் மோட்டார் ஓடும். மென்பொருள் உள்ள பொருளுக்கு அதே கேள்வியைக் கேட்டால் கடைக்காரர் வாரண்டி அட்டையைக் காட்டுவார். ஒரு வருடம் என்றிருக்கும். அந்த ஒரு வருடம் தகட்டுக்கும் கம்பிக்கும் உரியது. உள்ளே ஓடும் மென்பொருளை எத்தனை ஆண்டு திருத்தித் தருவார்கள், அது பேசுகிற சர்வரை எத்தனை ஆண்டு ஓட்டுவார்கள் என்பதெல்லாம் அட்டையில் இராது.

உலகம் இதை நுகர்வோர் பிரச்சினையாகப் பேசிவருகிறது. விற்பவர் சொல்ல வேண்டும், வாங்குபவர் விசாரிக்க வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரத்துப் பேரூராட்சியான எழுமலைக்கு இது பொருந்தாது. இங்கே வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வந்த மின்னணுப் பொருள்களில் பலவற்றை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது, இல்லாவிட்டால் மானியம் கொடுத்து வாங்க வைத்தது. ஆகவே "எத்தனை வருசம்" என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டிய இடம் கடை அல்ல, டெண்டர் என்பது என் எண்ணம்.

டிவியிலிருந்து தொடங்கலாம். 2006-இல் கொடுக்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி 2011-இல் ஆட்சி மாறும்வரை வீடுவீடாக வந்தது. பிக்சர் டியூப் பெட்டி. ஆண்டெனாவையோ கேபிள் வயரையோ செருகினால் படம் தெரியும், அவ்வளவுதான். 2007-இல் பதிவாகி, நடுவில் முடங்கிக் கிடந்த அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011-இல் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தோடு மறுபடி எழுந்தது. 2017 ஏப்ரலில் அதற்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. செப்டம்பரிலிருந்து விலையில்லாச் செட்டாப் பாக்ஸ் வரத் தொடங்கியது.

டிவிக்கும் வயருக்கும் நடுவே அந்தச் சின்னப் பெட்டி வந்து உட்கார்ந்ததும் நிலைமை தலைகீழானது. டிஜிட்டல் கேபிளில் சேனல்கள் பூட்டப்பட்டு வருகின்றன. சந்தா கட்டிய பெட்டிக்கு மட்டும் திறவுகோல் அனுப்பும் மென்பொருள் ஒன்று தலைமை நிலையத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பெட்டி யாருடையது, அவருக்கு எந்தப் பேக்கேஜ் என்ற கணக்கை இன்னொரு மென்பொருள் வைத்திருக்கும். திறவுகோல்கள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. அங்கே அது நின்றால் இங்கே திரை கறுத்துவிடும். பெட்டியிலும் பழுதிராது, டிவியிலும் பழுதிராது.

2022 நவம்பர் 19 அன்று நடந்தது அதுதான். தமிழகம் முழுக்க லட்சக்கணக்கான அரசு செட்டாப் பாக்ஸ்கள் ஒரே சமயத்தில் நின்றுபோயின. மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்துடன் இருந்த தகராறுதான் காரணம் என்று அரசுத் தரப்பு சொன்னது. யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றம் பார்க்க வேண்டிய வேலை. கேபிள்காரரிடம் போய்ச் சண்டை போட்ட வீட்டுக்காரருக்கும், பதில் சொல்லத் தெரியாமல் நின்ற கேபிள்காரருக்கும் அதில் ஒரு பங்கும் இல்லை. பெட்டியை வாங்கியது அரசு. அந்தப் பெட்டியை உயிரோடு வைத்திருக்கும் மென்பொருள் இன்னொருவர் கையில் இருந்தது. ஒரு மாநில அரசுக்கே இந்த நிலை என்றால், கேமராவை ஆன்லைனில் வாங்கி மாட்டியவர் எங்கே போய் நிற்பார்?

பணக்கார நாடுகளிலும் இப்படித்தான். ரிவால்வ் என்றொரு வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி அமெரிக்காவில் 299 டாலருக்கு விற்றது. 2014-இல் அதைச் செய்த நிறுவனத்தைக் கூகுளின் நெஸ்ட் வாங்கியது, 2016 மே 15 அன்று சர்வரை மூடியது, கருவி வெறும் டப்பாவானது. இன்ஸ்டியான் என்ற நிறுவனம் 2022 ஏப்ரலில் வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் சர்வரை நிறுத்தியது. வீட்டு விளக்குகளை அதை நம்பி வைத்திருந்தவர்களில் சிலர் சேர்ந்து, இரண்டு மாதத்தில் அதன் சொத்துகளை விலைக்கு வாங்கி மறுபடி ஓடவிட்டார்கள். கையில் பணமிருந்த வாடிக்கையாளர்கள்.

யாரும் எதையும் மூடாமலே சாகிற கருவிகளும் உண்டு. எனக்கு இதுதான் அதிகம் விசித்திரமாகப் படுகிறது. இணையத்தில் பேசும் கருவி, எதிரில் இருப்பது அசல் சர்வர்தானா என்று டிஜிட்டல் சான்றிதழைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு. புதியது மென்பொருள் புதுப்பிப்பு வழியாகத்தான் வர வேண்டும். 2021 செப்டம்பர் 30 அன்று உலகெங்கும் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதுப்பிப்பு நின்றுபோன பழைய கருவிகள் பலவற்றில் இணையதளங்கள் திறக்க மறுத்தன. 2025 மார்ச்சில் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் உலகெங்கும் திடீரென்று வேலை செய்யவில்லை. பத்தாண்டுக்குப் போட்டு வைத்த சான்றிதழ் ஒன்று முடிந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. கூகுள் பெரிய நிறுவனம், சில நாளில் திருத்தம் அனுப்பிவிட்டது. பெயர் தெரியாத நிறுவனத்தின் கேமராவுக்கு இது நேர்ந்தால் "கேமரா ரிப்பேர்" என்று கழற்றிப் பரணில் போடுவோம்.

இனி தோட்டத்துக்கு வரலாம். எழுமலை வட்டாரத்தில் இந்தக் கேள்வி உண்மையில் கடிக்கிற இடம் அதுதான். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தை நம்பித்தான் கிணற்றுப் பாசனம். ராத்திரி கரண்டு வந்தால் டார்ச் விளக்கும் கம்புமாக, பாம்புக்குப் பயந்துகொண்டு, வரப்பில் நடந்து போய் மோட்டாரைப் போட வேண்டும். மொபைல் ஸ்டார்ட்டர் அந்த நடையை மிச்சம் பிடித்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு சிம். அந்த எண்ணுக்கு அழைத்தால் குரல் பேசும், எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். மூன்று பேஸும் சரியாக வந்தால்தான் போடும், கிணற்றில் தண்ணீர் வற்றினால் நிறுத்தும். வேளாண் பொறியியல் துறை இதற்கு மானியம் தருகிறது. சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்குப் பாதி விலை, 7,000 ரூபாய் வரை. மற்றவர்களுக்கு 40 சதவீதம், 5,000 ரூபாய் வரை.

இந்தக் கருவியின் ஆயுள் நான்கு கைகளில் இருக்கிறது. பெட்டி செய்தவர், சிம் கொடுத்த கம்பெனி, அலைக்கற்றைத் தலைமுறை, சர்வர். பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மின்னல் அடித்தாலோ வோல்டேஜ் ஏறினாலோ "போர்டு போச்சு" என்பார்கள், போர்டை மாற்றினால் சரியாகிவிடும்.

சிம் கதை நம் ஆட்களுக்கு மறந்திருக்காது. தமிழ்நாட்டில் எங்கு பார்த்தாலும் ஏர்செல்லாக இருந்த காலம் ஒன்று. 2018 பிப்ரவரியில் அந்தச் சேவை சரிந்தது, மாத முடிவில் நிறுவனம் திவால் மனுவோடு போனது. கைபேசி எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற மக்கள் வரிசையில் நின்றார்கள். கைபேசி வைத்திருந்தவருக்கு அது இரண்டு வார அவதி. மோட்டார் அறைக்குள் மாட்டிய பெட்டியில் ஏர்செல் சிம் போட்டிருந்தவர் மறுபடி வரப்பில் நடக்க வேண்டியதாயிற்று. ரீசார்ஜ் தொல்லை தனி. மாதத்தில் நாலைந்து நிமிடம் பேசுகிற ஒரு பெட்டிக்கு டேட்டாவும் சேர்த்து வாங்கினால்தான் சிம் உயிரோடிருக்கும் என்ற நிலை பல காலம் நீடித்தது. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் தர வேண்டும், 365 நாள் வரை செல்லுபடி வைக்கலாம் என்று விதி செய்தது. பெரியவர்களின் பட்டன் போனை நினைத்து வந்த விதி. கிணற்றடிப் பெட்டிக்கும் அதுதான் மருந்து.

மூன்றாவது கைதான் பெரிது. பழைய ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலானவை 2ஜி. ஜியோவுக்கு 2ஜி வலையே கிடையாது, ஆகவே அந்தச் சிம்மைப் போட்டால் வேலை செய்யாது. ஏர்டெல் தன் 3ஜி வலையை 2020-இல் மூடிவிட்டு 2ஜியை வைத்துக்கொண்டிருக்கிறது. 2ஜியை ஒழிக்க வேண்டும் என்று ஜியோ வெளிப்படையாகவே கேட்டுவருகிறது. சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் மூடிவிட்டது. இங்கே அந்த நாள் வரும்போது, நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ பெட்டிகள் ஒரே நாளில் ஊமையாகும். எந்தப் புதுப்பிப்பும் அவற்றைக் காப்பாற்றாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் சில்லுக்கு வேறு மொழி தெரியாது. 4ஜி பெட்டி வாங்கித்தான் ஆக வேண்டும். மானியத்தில் ஒருமுறை வாங்கியவருக்கு மறுமுறை உண்டா என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பும்.

நாலாவது சர்வர். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. அழைத்தால் குரல் பேசும் பழைய பெட்டிக்குச் சர்வரே தேவையில்லை. எல்லா அறிவும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. செய்த கம்பெனி மறைந்துபோனாலும், சிம் இருக்கும்வரை மோட்டார் ஓடும். புதிதாக வரும் ஆப் வகைப் பெட்டிகள் அழகானவை. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை ஆம்பியர் இழுத்தது என்று படம் போட்டுக் காட்டும். ஆனால் ஆப்பும் பெட்டியும் நேரடியாகப் பேசாமல் எங்கோ உள்ள சர்வர் வழியாகப் பேசுகிற வடிவமைப்பு என்றால், அந்தச் சர்வருக்கு யாரோ மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். பெட்டியை ஒரே விலைக்கு விற்றுவிட்ட சிறு கம்பெனி எட்டாவது ஆண்டிலும் அதைக் கட்டுமா? இந்த விஷயத்தில் அறிவு குறைந்த பெட்டிக்கு ஆயுள் கெட்டி.

இரண்டு வகைக்கும் ஒரு நல்ல குணம் பொதுவாக இருக்கிறது. மொபைல் பகுதி செத்தாலும், ஸ்டார்ட்டரின் பச்சை, சிவப்புப் பட்டன்கள் கையால் வேலை செய்யும். நெஸ்ட்டின் முதல் இரண்டு தலைமுறை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு 2025 அக்டோபர் 25-ஓடு ஆதரவு நின்றபோதும், சுவரில் உள்ள வளையத்தைத் திருகினால் வீடு சூடானது. வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயமாக இதைத்தான் நான் சொல்வேன். இணையத்தைப் பிடுங்கிவிட்டால் இந்தப் பொருள் என்ன செய்யும்? மின்விசிறி சுற்ற வேண்டும், பூட்டு சாவியால் திறக்க வேண்டும், கேமரா உள்ளே இருக்கும் அட்டையிலாவது பதிய வேண்டும்.

இதுவரை சொன்னது பொருள் நின்றுபோகிற கதை. நிற்காமல் ஓடிக்கொண்டே கெட்டுப்போவது அதைவிட மோசம். 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. கம்பெனியில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்த மோடம்களைத் தேடித்தேடி அழித்தது பிரிக்கர்பாட் என்ற நிரல். அதற்கு முந்தைய ஆண்டு மிராய் என்ற நிரல் அதே ஓட்டை வழியாக உலகெங்கும் கேமராக்களையும் மோடம்களையும் அடிமைப்படுத்தி, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரும் இணையதளங்களைப் பல மணி நேரம் முடக்கியது. கேமரா வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் கேமரா இதில் பங்கெடுத்தது தெரியாது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் இணையத்தில் விலைக்குப் போனது அம்பலமானது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லா ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் தீய நிரல் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வருவதைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. எச்சரித்தது. பேட்பாக்ஸ் 2.0 என்ற அந்த வலையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கியிருப்பதாகக் கூகுள் வழக்குத் தொடுத்தபோது சொன்னது.

ஆகவே புதுப்பிப்பு வேண்டும். ஆனால் புதுப்பிப்பை மக்கள் வெறுப்பதிலும் நியாயம் இருக்கிறது. நடுவில் கரண்டு போனால் கருவி எழுந்திருக்காமலே போகலாம். நன்றாக ஓடிய டிவி புதுப்பித்த பிறகு மந்தமாகலாம், விளம்பரம் கூடலாம். 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு வகைப் பூட்டுக்கு உரிய மென்பொருளை வேறு வகைக்குத் தவறி அனுப்பியதில் சுமார் 500 கதவுப் பூட்டுகள் செயலற்றுப் போயின. அனுப்புவது போதாது, போய்ச் சேர வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். ஹிக்விஷன் கேமராக்களின் பெரிய ஓட்டைக்கு 2021 செப்டம்பரிலேயே திருத்தம் வந்துவிட்டது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது 80,000-க்கும் மேற்பட்ட கேமராக்களில் அது ஏற்றப்படாமலே கிடந்தது. கடைக்குக் கேமரா மாட்டிக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன் கிளம்பும்போதே அந்தக் கேமராவுக்கும் பராமரிப்புக்கும் இருந்த தொடர்பு முடிந்துவிடுகிறது. மறுபடி அவர் வருவது படம் தெரியாதபோதுதான்.

சட்டங்கள் மெல்ல வருகின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்று சொல்லாமல் இணையக் கருவி விற்கக்கூடாது, எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைக்கக்கூடாது. ஆனால் எத்தனை காலம் என்பது விற்பவர் இஷ்டம். ஒரு மாதம் என்றுகூட எழுதிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயமாகும். பொதுவாகக் குறைந்தது ஐந்தாண்டு ஆதரவு, அது முடியும் மாதமும் ஆண்டும் வாங்கும்போதே கண்ணில் பட வேண்டும். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 நவம்பரில் 184 ஸ்மார்ட் பொருள்களின் இணையப் பக்கங்களைப் பார்த்ததில் 163 பொருள்களுக்கு ஆதரவுக் காலம் பற்றி ஒரு வரியும் இல்லை.

இந்தியாவில் விதிகள் துண்டுதுண்டாக இருக்கின்றன. தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021 ஆகஸ்டில் வீட்டு இணையக் கருவிகளுக்கு ஒரு நடைமுறைக் கோவை வெளியிட்டது. ஐரோப்பியத் தரத்தைத் தழுவிய நல்ல ஆவணம், ஆனால் யாரையும் கட்டுப்படுத்தாது. சிசிடிவி கேமராக்களுக்கு மட்டும் 2024 ஏப்ரலில் வந்த ஆணை, 2025 ஏப்ரல் 9 முதல் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அது விற்பனைக்கு வரும் நாளில் கேமரா எப்படி இருக்கிறது என்று பார்க்கும் சோதனை. 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளம் உதிரிப் பாகங்களைப் பற்றியே பெரிதும் பேசுகிறது.

ஆதரவுக் காலத்தைச் சொல்லப் புதிதாக முத்திரை ஒன்றைக் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. மின்விசிறிப் பெட்டியில் நட்சத்திர முத்திரை 2023 ஜனவரி முதல் கட்டாயம். எழுமலைக் கடையில்கூட "இது அஞ்சு ஸ்டாரா?" என்று கேட்டு வாங்குகிறார்கள். இணையத்தோடு பேசும் எந்தப் பொருளானாலும், இதைப் போலவே பெட்டியின் முகப்பில் மென்பொருள் ஆதரவு இன்ன ஆண்டு வரை என்று ஒரு வரி அச்சிட்டால், "எத்தன வருசம்" என்ற கேள்விக்குக் கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டினாலே போதும்.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது அரசின் கொள்முதல். அதற்கு முன்மாதிரி ஒன்றும் கையிலேயே இருக்கிறது. மின் விநியோக நிறுவனங்களுக்காக மத்திய அரசு வகுத்த ஸ்மார்ட் மீட்டர் மாதிரி ஒப்பந்தத்தில், மாட்டுவதோடு விற்பவர் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு மீட்டரையும் 93 மாதம், அதாவது ஏழே முக்கால் ஆண்டு, அவரே பராமரித்து, தரவைத் தந்துகொண்டிருந்து, கடைசியில் அமைப்பை மின் நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஸ்மார்ட் மீட்டர் டெண்டர் ஒன்று 2024 டிசம்பரில் விலை அதிகம் என்று ரத்தானது. அந்த 93 மாத வரி அதற்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை. தன் வருமானத்தை அளக்கும் பெட்டி என்றால் ஆண்டுக் கணக்கை எழுதி வாங்க அரசு அமைப்புக்குத் தெரிகிறது.

மொபைல் ஸ்டார்ட்டர் மானியத்துக்குத் தகுதியான கம்பெனிப் பட்டியலில் அதே வரியைச் சேர்க்கச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. இத்தனை ஆண்டு மென்பொருள் ஆதரவு, சர்வர் நின்றாலும் அழைப்பிலோ குறுஞ்செய்தியிலோ ஓடும் வசதி, 2ஜி மூடினால் 4ஜி போர்டு இன்ன விலைக்கு, கம்பெனி மூடினால் மென்பொருளைத் துறையிடம் ஒப்படைத்தல். இந்த நான்கையும் ஒப்புக்கொள்பவருக்கு மட்டும் மானியம் என்று வேளாண் பொறியியல் துறை ஒரு சுற்றறிக்கை போட்டாலே ஆயிற்று. அரசு கேபிள் அடுத்து வாங்கும் செட்டாப் பாக்ஸ் டெண்டரில் கடைசி நிபந்தனையை முதல் நிபந்தனையாகப் போட வேண்டும்.